காய்ச்சல் நிலத்தில் இட்ட முதற் பணம்

கிள்ளானிலிருந்து வடக்கே புறப்பட்டு, காப்பாரையும் ஜெராமையும் கடந்து, கோல சிலாங்கூரைச் சென்று சேரும் பழைய கடற்கரைச் சடக்கில் இன்று பிரயாணம் செய்வோர், ஒரு புறம் அலையாத்திக் காட்டையும் மறு புறம் வரிசை தவறாது நிற்கும் செம்பனையையும் கண்டு, டச்சுக்காரர் 1784-இல் கைப்பற்றிய மெலாவத்திக் குன்றின் கோட்டையில் ஏறி இறங்கி, இரவில் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மின்மினிகளையும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்புகின்றனர். இதே தாழ்நிலமும், இதற்குக் கிழக்கே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, அதற்கும் அப்பால் ரவாங் வரையில் எழும் மேட்டு நிலமும், நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்திறங்கிய காலத்தில், வந்தவரில் பலரைத் திரும்பிச் செல்லவும் விடாமல், நிலைத்து வாழவும் விடாமல் மண்ணில் சேர்த்துக்கொண்ட காய்ச்சல் நிலமாக இருந்தன என்பதை அப்பிரயாணிகளுக்கு நினைவூட்ட அங்கே கல்வெட்டு ஒன்றும் நாட்டப்படவில்லை. ரப்பர் விலையின் உச்சத்தை உலகம் கொண்டாடிய காலத்தை ஒட்டிய 1911-ஆம் ஆண்டில், கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்த 143,614 தொழிலாளரில் 9,040 பேர் மாண்டனர். பதினாறு பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் இறந்தார் என்பது இதன் பொருள். இறந்தவர்கள் முதியவரும் குழந்தைகளும் அல்லர். உடற்கட்டைப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கப்பலில் ஏற்றப்பட்ட வாலிபர்களே இவர்களிற் பெரும்பாலோர்.

இம்மரணங்களின் காரணத்தை விசாரிக்க வேண்டிய பணத்தை யார், எப்போது, எதன் பொருட்டுக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது. நோய்க்கு மருந்து இன்னதென்று தெளிவாகிவிட்ட பின்னர் அம்மருந்தை வாங்கிக் கொடுக்கப் புண்ணியவான்கள் பலர் முன்வருவர். ஆனால் நோயின் மூலமே விளங்காத நிலையில், தேடுபவன் வெறுங்கையோடு திரும்பவும் கூடும் என்று அறிந்தே, தேடிப் பார் என்று ஒரு தொகையை எடுத்து வைப்பது அரிய காரியம். இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள், காற்றும் நீரும் மண்ணும் மனித தேகத்துக்கு இழைக்கும் தீங்குகளைப் பற்றிய புது ஆராய்ச்சிகளுக்கு இத்தகைய தொடக்க நிதியைத் தனியே வகுத்து வைக்கின்றன. வட சிலாங்கூரின் நூறாண்டுச் சரித்திரத்தில் அந்நிதி எவ்வாறு வந்தது என்று பார்த்தால், வருமானம் ஆட்டம் கண்ட சமயங்களில் அது விரைந்து வந்ததையும், தொழிலாளியின் தேகம் மட்டுமே ஆட்டம் கண்ட சமயங்களில் அது மிகத் தயங்கி வந்ததையும் காண்கிறோம்.

முதற் பணம் ஈயத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர்ச் சர்க்காரின் வருமானத்தில் பெரும்பகுதி ஈய ஏற்றுமதியின் மீது விதித்த தீர்வையாகும். அவ்வீயத்தைத் தோண்டிய சீனத் தொழிலாளர்கள் கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து, ‘பெரி பெரி’ என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தனர். சுரங்கம் ஓய்ந்தால் தீர்வையும் ஓயும். இந்நிலையில், அக்காலத்து ரெசிடெண்ட் ஜெனரலான பிராங்க் சுவெட்டன்ஹாம், வெப்ப நாட்டு நோய்களை அவை விளையும் இடத்திலேயே வைத்து ஆராய வேண்டும் என்று முயன்று, 1900-இல் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தினார். மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று இன்றளவும் விளங்கும் ஸ்தாபனத்தின் பிறப்பு அதுவே. அந்நாளில் மலாயாவில் பல்கலைக்கழகம் என்ற ஒன்று இல்லை. சிங்கப்பூரின் மருத்துவப் பள்ளியே 1905-இல்தான் தோன்றியது. வைத்தியம் கற்பிக்கும் இடம் அமைவதற்கு முன்பே நோயின் மூலத்தை விசாரிக்கும் இடம் அமைந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அப்பணத்தின் முதற்பலன் பிழையாக முடிந்தது. கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரி பெரி ஒரு கிருமியால் உண்டாகும் தொற்று நோய் என்று தீர்மானித்து 1902-இல் எழுதினார். அந்த முடிவு தவறானது. கணக்குப் பார்ப்பவர் ஒருவர் அன்று அமர்ந்து, இரண்டாண்டுச் செலவுக்குக் கிடைத்தது ஒரு பிழைதானே என்று நிலையத்தை மூடியிருந்தால், அதன் பின் வந்தவை ஒன்றும் வந்திரா. மூடவில்லை. வில்லியம் பிளெச்சர் என்னும் வைத்தியர் 1905-க்கும் 1906-க்கும் இடையில் கோலாலம்பூர்ப் பைத்திய மருத்துவமனையில் இருந்தவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார்க்குச் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியையும், மற்றைப் பகுதியார்க்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியையும் சமைத்துப் போட்டார். பச்சரிசி உண்டவர்களுள் நோய் பரவியது, பலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களுள் புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்பவரும், தமிழர் இந்நோய்க்கு ஏன் அகப்படுவதில்லை என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு, அவர்கள் உண்ணும் சோற்றிலேயே விடை இருக்கிறது என்று 1907-இல் ஒரு பெரும் நூல் எழுதினார். ஆயினும் அரிசியில் ஏதோ விஷம் சேருகிறது என்று கருதியதில் அவரும் வழி தவறினார். கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், நெகிரி செம்பிலானின் துரியான் தீப்புஸ் காட்டில் ரோடு போட வந்த 300 சாவகத் தொழிலாளரைக் கொண்டு அதே பரீட்சையை நடத்தி, தீட்டும்போது தவிட்டோடு கழிந்துபோகும் ஏதோ ஒரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என்று நிலைநாட்டினர். பின்னாளில் உயிர்ச்சத்து என்று உலகம் பெயரிட்ட சாஸ்திரத்தின் அடிக்கற்களில் இஃதொன்று.

நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய பழக்கம் தோட்டத்து லயங்களில் நம் மக்களை ஒரு கொடிய நோயிலிருந்து காத்தது என்று அறியும்போது மனம் நிறைகிறது. ஆனால் அவ்வறிவு பெறப்பட்ட விதத்தை எண்ணும்போது அந்நிறைவு குறைகிறது. சித்தம் கலங்கியவர்களிடம், உன்னை வைத்துப் பரீட்சை செய்யலாமா என்று ஒருவர் கேட்டதாகவோ, கேட்டிருந்தாலும் அவர்கள் விளங்கிச் சம்மதித்திருப்பார்கள் என்றோ கொள்ள இடமில்லை. பணம் சர்க்காருடையது, தேகம் ஏழையுடையது என்ற இந்தப் பங்கீடு, இனி நாம் காணப்போகும் ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்கிறது.

மலேரியாவின் கதை இதனினும் நமக்கு அணுக்கமானது. கொசுவே இக்காய்ச்சலைச் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டு சொன்னார். அவ்வுண்மை ஏட்டில் இருந்ததேயொழிய, அதைக் கொண்டு ஓர் ஊரைக் காப்பாற்ற முடியுமா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. கிளாஸ்கோவில் வைத்தியம் பயின்ற மால்கம் வாட்சன் என்னும் இளைஞர் 1901-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட வைத்தியராக வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி காய்ச்சற்காரரால் நிரம்பி வழிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கிள்ளான் ஆற்று முகத்தில் சுவெட்டன்ஹாமின் பெயரால் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் அங்கே வேலை பார்த்த சர்க்கார் ஊழியரில் பெரும்பாலோர் படுக்கையில் விழுந்தனர், கப்பல்களில் வந்த மாலுமிகளும் விழுந்தனர், துறைமுகத்தையே மூடிவிடுவதா என்ற பேச்சும் எழுந்தது. பெருஞ்செலவில் கட்டிய துறைமுகம் வீணாகும் என்ற பயம், தொழிலாளர் பலர் ஆண்டுதோறும் இறந்தும் பிறவாத வேகத்தைச் சர்க்காரிடத்தில் பிறப்பித்தது. வாட்சன் கேட்டபடி ஊரைச் சுற்றியுள்ள சதுப்பை வடிப்பதற்கும் காட்டை வெட்டுவதற்கும் பணம் கிடைத்தது. 1905 வரையில் கிள்ளானுக்கு ஏறக்குறைய மூவாயிரம் பவுனும் துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஏழாயிரம் பவுனும் செலவாயின.

பலன் எப்படி வந்தது என்பதை அவரே எண்ணி வைத்திருக்கிறார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1900-இல் 259 பேர். 1901-இல் 368 பேர். வாய்க்கால் வெட்டிய மறு ஆண்டில், அதாவது 1902-இல், இத்தொகை 59-ஆகவும், 1903-இல் 46-ஆகவும் இறங்கியது. மற்ற நோய்களால் இறந்தவர் தொகையும் 214-இலிருந்து 85-ஆகக் குறைந்தது. வேறு பெயரிட்டுப் பதிந்த மரணங்களிலும் மலேரியா மறைந்திருந்தது என்பது இதனால் பிரத்தியட்சமாயிற்று. உலகில் முதன்முதலாகக் கொசுவை ஒழித்து ஓர் ஊரைக் காத்த செயல்களுள் ஒன்றாக ராஸ் முதலியோர் இதனைக் கொண்டாடினர்.

நான் வாட்சனை மதிப்பது இந்த வெற்றிக்காக மட்டுமன்று, இதற்குப் பின் அவர் செய்ததற்காக. சர்க்கார் உத்தியோகத்தைத் துறந்து தோட்டங்களின் வைத்தியராகச் சென்ற அவர், லயம் லயமாக நுழைந்து, குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, விலாவுக்குக் கீழே விரல் வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவித் தடவி எண்ணினார். ஒரு தோட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் உண்டோ அதுவே அத்தோட்டத்தின் காய்ச்சலுக்கு அளவுகோல். இவ்வாறு எண்ணியபோது ஒரு புதிர் எதிர்ப்பட்டது. கடலோரச் சமநிலத்தில், காட்டை அழித்து ஆழமான வாய்க்கால்களால் நீரை வடித்த தோட்டங்களில் பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்ந்தனர். சில மைல் உள்ளே தள்ளி, குன்றுகளின் இடுக்கில், அதேபோல் காட்டை அழித்து ஓடைகளைச் சுத்தப்படுத்திய தோட்டங்களிலோ காய்ச்சல் முன்னினும் கொடிதாயிற்று. சமநிலத்தில் உயிரைக் காத்த வேலை மேட்டு நிலத்தில் உயிரைக் குடித்தது ஏன்?

கொசு ஒன்றன்று என்பதே விடை. சமநிலக் காட்டு நிழலில் தேங்கிய பழுப்பு நீரில் முட்டையிடும் அனோபிலிஸ் அம்பிரோசஸ் என்னும் இனம், நிழலும் தேக்கமும் நீங்கினால் அழிந்துவிடும். குன்றுப் பகுதியில் வாழும் மாக்குலாட்டஸ் என்னும் இனமோ, வெயில் படும் தெளிந்த ஓடைநீரையே விரும்புவது. காடு நிழல் பரப்பி நின்றவரையில் அது பெருகவில்லை. துரைமார் காட்டைச் சாய்த்து ஓடையைத் திறந்தபோது அவர்களே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தவராயினர். ஆகவே எல்லாக் கொசுவையும் ஒரே முறையால் விரட்டுவதை விட்டு, அவ்வவ்விடத்தில் நோயைச் சுமக்கும் இனம் எதுவென்று கண்டு, அதன் இயல்புக்கு மாறாக நிலத்தைத் திருத்த வேண்டும் என்ற கொள்கை பிறந்தது. சுமத்ராவிலும் சாவகத்திலும் ஆராய்ந்த டச்சு அறிஞர் சுவெல்லன்கிரேபெல் இக்கொள்கைக்குப் பெயர் சூட்டிப் பரப்பினார். மேட்டுத் தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்களிற் செலுத்துவதும், அது கட்டாதவிடத்தில் வாரந்தோறும் நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. 1911-இல் வாட்சன் எழுதிய மலேரியாத் தடுப்பு நூலை இன்றும் உலகெங்கும் அத்துறையினர் எடுத்துப் பார்க்கின்றனர். அந்நூலின் அட்டவணைகளில் வெறும் சதவிகிதமாக நிற்பவர்கள், வயிறு உப்பிக் கால் மெலிந்து நின்ற தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் பெயர் ஒன்றேனும் அதில் இல்லை.

வாய்க்கால் வெட்டக் காசு கேட்டபோது தோட்டத்துக் கம்பெனிகள் எல்லாம் மகிழ்ந்து கொடுத்துவிடவில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று லாபம் எதிர்பார்த்து லண்டனில் பங்கு வாங்கியவனுக்கு, குழாய் பதிப்பது தள்ளிப்போடக் கூடிய செலவாகத் தோன்றியது. பெரட்டுக் களத்தில் ஆளுக்கு ஒரு மடக்கு கொயினா ஊற்றுவது மலிவாகத் தோன்றியது. ஆனால் ஆள் சாகச் சாகப் புதிய ஆளைத் தமிழ்நாட்டிலிருந்து தருவிக்கும் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. இந்திய சர்க்காரும் இம்மரணங்களைக் குறித்துக் கேள்வி கேட்கத் தொடங்கியது. 1911-இல் கூட்டு மாநிலங்களில் மலேரியா ஆலோசனை மன்றம் ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளர் சுகாதாரத்துக்கென்று சட்டங்களும் எழுந்தன. கணக்குப் பார்த்துச் செய்யப்பட்ட தர்மமே எனினும், அதனால் உயிர்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

இதே காலத்தில்தான் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் வேறொரு பயிர் காலூன்றியது. ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் வைத்து, சுமத்ராவின் டெலியிலிருந்து வந்த எண்ணெய்ப்பனைகளை முதலில் அழகுக்காக நட்டு, பின்னர் 1917-இல் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் வாணிபத்துக்காகவே நட்டார். மலாயாவின் முதற் செம்பனைத் தோட்டம் அதுவே. அவர் தோட்ட வாழ்க்கையைப் பொருளாக வைத்து எழுதிய நாவல் 1930-இல் பிரான்ஸின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றது. நாட்டின் செல்வமாகப் பின்னாளில் வளர்ந்த செம்பனை, அதை வளர்த்தவர்களுக்கு ஒரு புது நோயையும் கொண்டுவந்தது. உதிர்ந்த பழங்களைத் தின்ன எலிகள் வந்தன. எலிகளின் மேல் உண்ணிபோன்ற சிறு பூச்சிகள் வாழ்ந்தன. மரங்களுக்கிடையே மண்டிய புல்லில் அவை ஏறி இருந்து, புல் வெட்டப் போனவரைக் கடித்தன. கொடுங்காய்ச்சல் கண்டு, அறிவு மயங்கி, தொழிலாளர் விழுந்தனர். பிளெச்சர் இப்போது கோலாலம்பூர்க் கழகத்தில் இருந்தார். அவரும் லெஸ்லரும் 1920-களின் நடுவில், நகரத்துக் கடைக்காரரை வருத்தும் டைபஸ் காய்ச்சல் வேறு, தோட்டத்தில் புல்வெட்டிகளை வருத்துவது வேறு என்று ரத்தப் பரிசோதனையால் பிரித்துக் காட்டினர். அதற்கு மருந்து காண மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் சென்றது. 1948-இல் அமெரிக்க ராணுவத்தின் வைத்தியக் குழுவொன்று ஜோசப் ஸ்மாடல் தலைமையில் கோலாலம்பூருக்கு வந்து, குளோராம்பெனிக்கால் இந்நோயைத் தீர்க்கிறது என்று மெய்ப்பித்தது. யுத்தத்தில் படைவீரர் பலர் இந்நோய்க்கு இரையானதே அக்குழு வரக் காரணம். மருந்து நம் தோட்டத்தாருக்கும் பயன்பட்டது.

அயல்நாட்டுத் தருமப் பணமும் இதற்கு முன்பே வந்ததுண்டு. ராக்பெல்லர் அறநிலையம் அனுப்பிய கொக்கிப்புழு ஆராய்ச்சிக் குழு 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் சாவகத்திலும் பிஜித் தீவிலும் தங்கியது. டார்லிங், பார்பர், ஹாக்கர் என்னும் மூவர், வெறுங்காலோடு மலம் கலந்த மண்ணில் நடந்த தொழிலாளியின் குடலில் எத்தனை புழு இருந்தால் எவ்வளவு ரத்தம் குறைகிறது என்பதை, மருந்து கொடுத்து வெளிவந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கண்டனர். சோம்பேறிக் கூலி என்று துரைமார் ஏசிய மனிதன் உண்மையில் ரத்தம் இழந்தவன் என்பது அவ்வெண்ணிக்கையால் வெளிப்பட்டது. லயத்துக்கொரு கக்கூஸ் கட்ட வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியின் முடிபு. வட சிலாங்கூரில் எத்தனையோ தோட்டங்களில் அந்த முடிபு செங்கல்லாக உருப்பெற ஒரு தலைமுறை ஆயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் இவ்வாராய்ச்சியின் இருப்பிடம் மெல்லப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் அமைந்தபோது அதன் மருத்துவப் பிரிவில் இருந்த டி. ஜே. தனராஜ், இந்தியரை அதிகம் வருத்திய, ஆஸ்துமாவைப்போல் மூச்சைத் திணறடிக்கும் ஒரு நுரையீரல் நோயை ஆராய்ந்து, அது பைலேரியாப் புழுவின் விளைவு என்ற முடிவுக்கு ஆதாரம் சேர்த்து, அப்புழுவுக்குரிய மருந்தால் அது தீர்வதையும் 1950-களின் இறுதியில் எழுதினார். அவரே 1963-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தைத் தோற்றுவித்த முதல் தலைவர். அந்நாளிலேயே, 1960 முதல் 1964 வரை, சுங்கை பூலோவை மையமாகக் கொண்டு மலேரியா ஒழிப்பு முன்னோடித் திட்டம் நடந்தது. வீட்டுக்கு வீடு மருந்தடித்து, ரத்தம் எடுத்து, இந்நாட்டில் இது முடியுமா என்று ஒரு வட்டாரத்தில் சோதித்துப் பார்த்தனர். முடியும் என்று கண்ட பிறகே 1967-இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. சிறு தொகையைக் கொண்டு ஒரு மூலையில் மெய்ப்பித்துவிட்டுப் பெருந்தொகையை நாடெங்கும் இறைக்கும் விவேகம் அதில் இருந்தது. 1980-களில் அப்பல்கலைக்கழக ஒட்டுண்ணியியல் துறையார் சிலாங்கூர்த் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளின் குடற்புழுக்களை மீண்டும் எண்ணினர். டார்லிங் குழு சென்று அறுபதாண்டுகளுக்குப் பின்னும் எண்ணுவதற்குப் புழு இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஐந்தாம் மலேசியத் திட்டத்தின் கீழ் அரசாங்கம் ஆராய்ச்சிக்கென்று ஒரு பொது நிதியை வகுத்தது முதல், பேராசிரியர்கள் விண்ணப்பம் எழுதிப் பணம் பெறும் முறை நிலைபெற்றது.

இப்படி ஸ்தாபனங்களும் நிதியும் பெருகிய அதே ஆண்டுகளில், தோட்டங்களில் ஒரு நோய் கண்முன்னே வளர்ந்தது. ஆராய்ச்சிப் பணம் அதன் பக்கம் திரும்பவில்லை. களையை மண்வெட்டியால் கொத்திய காலம் போய், முதலில் சோடியம் ஆர்சினைட்டும், 1960-களுக்குப் பின் பாராகுவாட்டும் வந்தன. பால்வெட்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாயிருக்க, மருந்தடிப்பது பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து, அதன் மூடியிலிருந்து ஒழுகிய மருந்து சேலையை நனைத்து இடுப்பில் ஊற, முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, வெயிலில் நாள் முழுதும் அடித்தனர். நகம் கறுத்து உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வடிந்தது, கண் எரிந்தது, தோல் வெடித்தது. தோட்டத்து டிரெஸர் களிம்பு கொடுத்து அனுப்பினார். மலேரியாவில் ஆள் விழுந்தால் வேலை நின்றது. அதனால் துரை கவலைப்பட்டார். இந்நஞ்சு மெல்ல வேலை செய்வது. பெண் விழுமுன் ஓய்வு வயது வந்துவிடும். வருமானத்துக்கு ஆட்டம் ஒன்றுமில்லை. 1974-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டு, எந்த மருந்தை விற்கலாம் என்று பதியும் முறை ஏற்பட்டதேயொழிய, அதை அடித்தவளின் தேகத்தில் என்ன நிகழ்கிறது என்று சென்று பார்க்கும் கடமை எவருக்கும் தெளிவாக விதிக்கப்படவில்லை.

அக்கடமையை ஏற்றவர்கள் பல்கலைக்கழகத்தாரும் அல்லர், கழகத்தாரும் அல்லர். ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் தொடங்கிய தெனாகானித்தா என்னும் பெண்கள் அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு ஆசிய வலையமைப்பும் சேர்ந்து, வசந்தி ஆறுமுகம் எழுதிய ஆய்வொன்றை 1992-இல் வெளியிட்டன. பத்தாண்டு கழித்து 2002-இல் அவ்வமைப்புகளே, மருந்தடிப்பவர்களின் ரத்தத்தையும் பரிசோதித்து இரண்டாவது ஆய்வை வெளியிட்டன. துறைமுகத்துக்கு ஏழாயிரம் பவுன் கிடைத்தது போல் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. தருமப் பணத்தைச் சேர்த்து, லயத்து வாசலில் தமிழிற் பேசி, பயந்து ஒதுங்கிய பெண்களை உட்காரவைத்து, கையைக் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். வாட்சன் பிள்ளைகளின் விலாவைத் தடவியதற்கு இணையான செயல் இது. என் மதிப்பில் அதனினும் உயர்ந்தது, ஏனெனில் இங்கே எண்ணப்பட்டவர்கள் தாமே வாய் திறந்து தம் நோயைச் சொன்னார்கள். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. தோட்டத் தொழில்துறையின் எதிர்ப்பால் 2006-இல் அத்தடை தளர்ந்தது. இறுதியாக 2020 ஜனவரி முதல் தேதியில்தான் அது முற்றிலும் தடைப்பட்டது. இடையில் கழிந்த பதினேழு ஆண்டுகளில் அத்தோம்பைச் சுமந்தவர்கள் தமிழ்ப் பெண்கள் மட்டுமல்லர். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த ஏழைகளும் சுமந்தனர்.

அதற்குள் தோட்டங்களே மாறிவிட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்னும் ஐந்து தோட்டத்து மக்கள் வேலையிழந்து, வீடு கேட்டுப் பல்லாண்டு போராடினர். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அங்கே 1999-இல் நிறுவப்பட்ட சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் எழுந்தது. ஒரு காலத்தில் ஈயக் கப்பல்கள் மண்ணைக் குடைந்து விட்டுச்சென்ற குளங்களில் தேங்கிய நீர் சிலாங்கூர் ஆற்றில் வடிகிறது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்குளத்து நீரையும் மண்ணையும் செடிகளையும் எடுத்துச்சென்று அவற்றிலுள்ள ஈயம், ஆர்சனிக் முதலிய உலோகங்களை அளந்து பல கட்டுரைகள் எழுதினர். கோலாலம்பூர்க் கழகத்துக்கு முதற் பணம் தந்த ஈயம், நூறாண்டு கழித்து ஆராய்ச்சிக்குப் பொருளாகியது. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங்கை அடுத்த சுங்கை கோங்கில் கலந்த கழிவின் நாற்றத்தால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் குழாய் இணைப்புகள் வறண்டன. ரந்தாவ் பஞ்சாங் நிலையமும் அந்நான்கில் ஒன்று. அன்று விசாரணைக்கும் தடுப்புக்கும் பணம் எவ்வளவு விரைந்து வந்தது என்பதைத் தலைநகரத்தார் யாவரும் அறிவர். நீர் நின்றது அவர்கள் வீட்டில்.

கேட்கப்படாத கேள்விகள் இன்னும் அந்நிலத்தில் உள்ளன. 1970-களில் பதினாறு வயதுப் பெண்களாய்த் தோம்பு சுமந்தவர்கள் இன்று ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அவர்கள் மூச்சு எப்படி இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கைநடுக்கம் உண்டா, அக்காலத்தில் கலைந்த கர்ப்பங்கள் எத்தனை என்று முறையாக எழுதிவைக்கப் பெருநிதி வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த இரண்டு மாணவர், ஒரு செவிலி, ஒரு வண்டி, சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலோ மலாயாப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்கூடத்தில் சில வாரத்து இடம்: இவ்வளவே தொடங்குவதற்குப் போதும். ஹாமில்டன் ரைட்டைப் போல் முதலில் தேடுபவர் பிழையான முடிவுக்கு வந்தாலும் குற்றமில்லை. பின்னால் வருபவர் திருத்திக்கொள்வர். அப்பெண்களுள் மூத்தவர்களுக்கு எழுபது வயது ஆகிவிட்டது. அந்தத் தொகையை ஒதுக்குவதானால் வரும் ஆண்டின் வரவுசெலவிலேயே ஒதுக்க வேண்டும்.